வில்லும் அச்சும்

எங்கள் மாமாவிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அது எந்தக் கம்பெனிக் கார் என்று எழுதக் கூடாது என்பது மாமாவின் கண்டிப்பான உத்தரவு. "பெயரைப் போட்டாயானால் விலைக்குக் கேட்டு நாலு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். நான் கொடுக்க மாட்டேன் என்பேன். எதற்கு வீண் மனஸ்தாபம்?" என்கிறார். ஆகவே பெயர் வேண்டாம். வயதில் அது எனக்கு மூத்தது. என்னைவிட ஒழுங்காக அதற்கு வைத்தியம் நடந்து வருகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை தோறும் மாமாவும் அத்தையும் அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போவார்கள். மாமா ஓட்டுவார். அத்தை பின் ஸீட்டில் உட்காருவாள். அது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமல்ல. குழந்தைகளை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்த காலத்திலிருந்து அப்படித்தான். குழந்தைகள் பெரியவர்களாகி எங்கெங்கோ போய்விட்டார்கள். அத்தை மட்டும் இடம் மாறவில்லை. இரண்டு வருஷமாக அவளுக்கு முதுகுவலி. கோயில் தெருவில் இருக்கும் பள்ளங்களை அவள் கண்ணை மூடிக்கொண்டே எண்ணிச் சொல்லிவிடுவாள்.

மாமாவின் மகன் வெளிநாட்டில் மோட்டார் சம்பந்தமான உத்தியோகத்தில் இருக்கிறான். சென்ற தையில் விடுமுறைக்கு வந்தவன், காருக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். "அப்பா, இந்தப் பின் அச்சைக் கழற்றி எறிந்துவிட்டு இண்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் வைத்துவிடலாம். அம்மாவின் முதுகுவலியில் பாதி போய்விடும்" என்றான்.

முப்பது வருஷமாக அந்தக் காரைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி பக்கத்தில் நின்றார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, அந்த அச்சு உங்கள் அப்பாவை ஒரு நாளாவது நடுவழியில் நிறுத்தியிருக்கிறதா, கேளுங்கள்" என்றார்.

அவ்வளவுதான். வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். கதை எழுதுகிறவனுக்கு எந்த விஷயத்திலும் ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. நானோ கல்லூரிப் படிகளில் பாதி ஏறி இறங்கியவன். பௌதிகத்தில் வாங்கிய மார்க்கை இன்னும் ஒருவரிடமும் சொன்னதில்லை. அதனால் தீர்ப்பை ஒத்திப் போட்டுவிட்டுப் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஓர் உண்மை புலப்பட்டது. எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த இந்தச் சண்டை உலகத்தின் பெரிய மோட்டார் ஸ்தாபனங்களின் கூடங்களிலும் நூறு வருஷமாக நடந்து வந்திருக்கிறது. அங்கேயும் ஒரு மகனும் ஒரு மேஸ்திரியும் எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

முதலில் விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். நம் ஊர்க் கட்டை வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஓர் அச்சு, இரண்டு முனையிலும் இரண்டு சக்கரம், மேலே வண்டி. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வண்டி முழுவதும் அந்தப் பக்கம் சாய்கிறது. வில் வண்டியில் அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே பட்டை வில் வந்தது. அதனால்தான் பெண் பார்க்கப் போகிறவர்கள் வில் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் வில் வந்த பிறகும் அச்சு பழைய அச்சுதான். இடது சக்கரத்துக்கு நேர்ந்த கதி வலது சக்கரத்தையும் தொட்டே தீரும். தாலி கட்டிய பந்தம் மாதிரி.

பழைய மோட்டார் கார்களின் பின்புறம் இந்த வில் வண்டிதான். ஒரு வித்தியாசம் உண்டு. காரை நகர்த்துகிற சக்தி பின் சக்கரங்களுக்குப் போக வேண்டும். ஆகையால் அச்சைக் குழாயாகச் செய்து, அதற்குள் சுழலும் தண்டுகளை வைத்து, நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு கூட்டுக்குள் பற்சக்கரங்களை அடைத்தார்கள். டிஃபரன்ஷியல் என்பது அதுதான். எல்லாம் இரும்பு. எல்லாம் வில்லுக்குக் கீழே. சங்கடம் இங்கேதான் பிறக்கிறது. மேட்டில் மோதிய சக்கரம் எழும்பினால் அதைத் திரும்பவும் தரையில் அழுத்த வேண்டியது வில்லின் வேலை. இலேசான பொருளானால் வில் சட்டென்று அழுத்திவிடும். ஒரு மூட்டை இரும்பானால்? அது துள்ளிவிட்டுத் தன் இஷ்டப்படி இறங்கும். அந்தத் துள்ளல்தான் பின் ஸீட்டுக்கு வந்து சேருகிறது.

பூசணிக்காயைக் காரின் உடம்போடு இறுக்கிவிட்டு, இரண்டு சக்கரங்களையும் தனித் தனி வில்லில் விட்டால் என்ன? இதுதான் மகன் கட்சி கேட்ட கேள்வி. இதற்குப் பெயர்தான் இண்டிபென்டன்ட் சஸ்பென்ஷன். நான் தனி வில் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முன் சக்கரங்களில் இந்தக் கேள்வி சீக்கிரம் தீர்ந்து போயிற்று. அங்கே எஞ்ஜினிலிருந்து சக்தி அனுப்ப வேண்டிய தொல்லை இல்லை. 1934-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் தனி முன் வில்லைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னின்று உழைத்தவர் மாரிஸ் ஆலி என்ற நிபுணர். பிறகு உலகமே பின்பற்றியது. மாமாவின் காரிலும் முன்பக்கம் தனி வில்தான். பின்பக்கந்தான் பிடிவாதம் பிடித்தது.

பின் அச்சை முதலில் பிரித்துப் பார்த்தவர் யார் என்று தேடினால் ஒரு சோகக் கதை கிடைக்கிறது. பிரான்ஸில் தெ தியோன் என்று ஒரு பிரபு. பணமும் உற்சாகமும் உள்ளவர். அவரோடு பூத்தோன், த்ரெபார்து என்று இரண்டு கைதேர்ந்த தொழிலாளிகள். மூவரும் நீராவி வண்டிகள் செய்தார்கள். 1890-களின் தொடக்கத்தில் த்ரெபார்து ஒரு யுக்தி செய்தார். பூசணிக்காயை வண்டியோடு கட்டிவிட்டு, சக்கரங்களை மட்டும் ஓர் இலேசான வளைந்த குழாயால் இணைத்தார். பாரம் வில்லுக்கு மேலே போய்விட்டது. சக்கரங்களும் நேராகவே நின்றன. அச்சுக்கும் தனி வில்லுக்கும் நடுவே ஒரு சமரசம். ஆனால் பிரபுவுக்கு அதற்குள் பெட்ரோல் எஞ்ஜின்மேல் மோகம் வந்துவிட்டது. த்ரெபார்து நீராவியின் பக்தர். 1894-இல் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். அவர் கண்டுபிடித்த அச்சுக்கு இன்றுவரை தெ தியோன் அச்சு என்றுதான் பெயர். எழுதியவன் பெயரை விட்டுவிட்டு, அச்சிட்டவர் பெயரை அட்டையில் போட்டது போல. எங்கள் தொழிலிலும் இது நடப்பதுண்டு.

அடுத்தவர் வியன்னாவில் பிறந்த எட்மண்ட் ரும்ப்ளர். அவர் 1903-இல் பாதி பாதியாக மடங்கும் அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். நடுவில் பூசணிக்காய் அசையாமல் நிற்கும். அதன் இரண்டு பக்கமும் இரண்டு அரை அச்சுகள், பறவையின் இறக்கைபோல மேலும் கீழும் ஆடும். 1921-இல் பெர்லினில் அவர் காட்டிய நீர்த்துளி வடிவக் காரைக் கண்டு ஊரே மூக்கில் விரல் வைத்தது. வாங்கத்தான் ஆள் அதிகம் இல்லை. ரும்ப்ளர் யூதர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் சிறையில் போட்டார்கள். சீக்கிரமே விட்டுவிட்டாலும் தொழில் நாசமாயிற்று. 1940-இல் அவர் காலமானார். அவருடைய ஆடும் அச்சு மட்டும் செக்கோஸ்லோவாகியாவில் லெட்விங்கா செய்த டாட்ரா கார்களிலும், பிறகு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வண்டிலும் ஏறி ஊர் ஊராகப் போயிற்று. அவரை வதைத்தவர்களே ஊருக்கெல்லாம் தருவதாக வாக்களித்த காரின் அடியில் அவருடைய யோசனை ஆடிக்கொண்டிருந்தது. சரித்திரம் இப்படியெல்லாம் செய்யும். நாவலில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆடும் அச்சில் ஒரு விஷம் இருந்தது. வேகமாக வளைவில் திரும்பும்போது காரின் பாரமெல்லாம் வெளிப்பக்கச் சக்கரத்தின்மேல் சாய்கிறது. ஓட்டுகிறவர் பயந்து காலை எடுத்தாரானால் காரின் பின்பாகம் எழும்பும். எழும்பினால் அரை அச்சு கீழ்நோக்கித் தொங்கும். சக்கரம் உள்பக்கம் மடங்கும். ஓடுகிறவனுக்குக் கணுக்கால் பிசகுவது போலத்தான். பிறகு பின்பாகம் எங்கே போகும் என்பதைத் தெய்வந்தான் சொல்ல வேண்டும்.

இதன் பலனை உலகத்துக்குக் காட்டியது அமெரிக்காவின் கார்வேர். ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலே பகுதி 1959-இன் இலையுதிர் காலத்தில் அதை வெளியிட்டது. எஞ்ஜின் பின்னால், காற்றினால் குளிர்வது, பின்புறம் ஆடும் அச்சு. அமெரிக்கப் பெருங்கார்களுக்கு நடுவே அது புதுமை. முன் டயருக்கு 15 ராத்தல் காற்று, பின் டயருக்கு 26 ராத்தல் என்று கையேட்டில் எழுதி வைத்தார்கள். இந்த வித்தியாசத்தில்தான் காரின் நிதானமே இருந்தது. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையனிடம் "முன்னால் கம்மி, பின்னால் ஜாஸ்தி" என்று யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? நாலு சக்கரத்திலும் சமமாக அடித்துக்கொண்டு போனார்கள். முன்பக்கம் ஒரு குறுக்குக் கம்பி வைத்திருந்தால் காரின் குணம் நிதானப்பட்டிருக்கும். பெரிய செலவில்லை. அதை ஆரம்பத்தில் வைக்கவில்லை. 1964-ஆம் வருஷ மாடலில்தான் வைத்தார்கள். 1965-இல் பின்புறத்தையே மாற்றி ஒழுங்கான தனி வில் போட்டார்கள்.

அந்த 1965-இன் நவம்பரில்தான் ரால்ஃப் நேடர் என்ற இளம் வக்கீலின் புத்தகம் வெளிவந்தது. எந்த வேகத்திலும் ஆபத்து என்று பெயர். முதல் அத்தியாயமே கார்வேரைப் பற்றியது. நோய் குணமான வருஷத்தில் நோயாளிக்குக் கெட்ட பெயர் வந்தது என்று சொல்லலாம். ஆனால் அதற்கு முன் விற்ற லட்சக்கணக்கான கார்கள் ரோட்டில் ஓடிக்கொண்டுதானே இருந்தன? கம்பெனி செய்த காரியம் இன்னும் மோசம். நேடருக்குப் பின்னால் துப்பறியும் ஆட்களை அனுப்பியது. அவருடைய சொந்த வாழ்க்கையில் ஏதாவது அகப்படுமா என்று துருவியது. விஷயம் வெளியாகி, 1966 மார்ச்சில் கம்பெனித் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் கமிட்டியின் முன் மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. அந்த வருஷமே அமெரிக்காவில் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-இல் கார்வேர் நின்றது. 1972-இல் அரசாங்கமே ஆராய்ச்சி நடத்தி, அந்தக் காலத்து மற்றக் கார்களைவிடக் கார்வேர் அதிக ஆபத்தானதல்ல என்று அறிக்கை கொடுத்தது. நேடர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. யார் பக்கம் நியாயம் என்று இன்னும் வாதாடுகிறார்கள். ஆடும் அச்சைப் போட்டதற்காக நான் அந்தக் கம்பெனியைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு கம்பியில் மிச்சம் பிடித்தார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இப்போது இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரத்துக்குப் போவோம். அங்கே ஒரே சமயத்தில், ஒரே ஊரில், இரண்டு கம்பெனிகள் பின் அச்சைக் கழற்றத் தீர்மானித்தன.

ஒன்று ஜாகுவார். அதன் தலைவர் வில்லியம் லயன்ஸ் காசில் கெட்டி. அழகில் அதைவிடக் கெட்டி. அவரிடம் பாப் நைட் என்ற பொறியாளர் இருந்தார். நைட் தனி வில்லைப் பற்றி ஓயாமல் ஆராய்ந்துகொண்டே இருப்பவர். ஆராய்ச்சி முடிகிற பாடாக இல்லை. "ஒரு மாதத்தில் செய்து காட்ட முடியாது, ஐந்து பவுன் பந்தயம்" என்று லயன்ஸ் சொன்னதாகவும், நைட் 27 நாளில் செய்து முடித்ததாகவும் ஒரு கதை அந்தத் தொழிற்சாலையில் பிரசித்தம். பந்தயப் பணம் கைமாறியதோ என்னவோ, சாமான் உண்மை. டிஃபரன்ஷியல், பிரேக், நாலு சுருள் வில் எல்லாவற்றையும் ஒரு கூண்டுக்குள் வைத்து, அந்தக் கூண்டை ரப்பர் வைத்துக் காரின் அடியில் மாட்டினார்கள். 1961 மார்ச்சில் ஜெனிவாவில் ஈ-டைப் என்ற கார் இந்தக் கூண்டோடு வந்து நின்றபோது ஜனங்கள் அதன் நீண்ட மூக்கைத்தான் பார்த்தார்கள். ஓட்டியவர்களுக்குத்தான் பின்னால் இருந்த புண்ணியம் தெரிந்தது. சில்லறை மாறுதல்களோடு அந்த ஏற்பாடு முப்பது வருஷத்துக்குமேல் நீடித்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பிரேக் சக்கரத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் உள்ளே டிஃபரன்ஷியலை ஒட்டி இருந்தது. அதை ரிப்பேர் செய்ய வேண்டிய மேஸ்திரிகள் நைட்டைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள் என்று நம்முடைய மேஸ்திரியைக் கேட்டால் தெரியும்.

மற்றொன்று ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப். அது ஈ-டைப் மாதிரி சீமான்களின் விவகாரமல்ல. வாத்தியாரும் குமாஸ்தாவும் வாங்குகிற சிறு கார். அவர்களுக்கு ஒரு நெருக்கடி. காரின் உடம்பைச் செய்து கொடுத்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-இல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. உடம்பும் அடிச்சட்டமும் ஒன்றாகச் சேர்ந்த நவீன கார் செய்ய வழியில்லை. ஹாரி வெப்ஸ்டர் என்ற பொறியாளர், பழைய பாணியில் தனி அடிச்சட்டம் போட்டு, துண்டு துண்டாகச் செய்த உடம்பை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கினார். இத்தாலியிலிருந்து மிக்கெலோத்தி வந்து அழகு பார்த்துக் கொடுத்தார். அடிச்சட்டம் பழைய பாணியானால் பின்புறமாவது புதிய பாணியாக இருக்கட்டும் என்றோ என்னவோ, குறுக்கே ஒரே பட்டை வில்லைப் போட்டு ஆடும் அச்சை வைத்தார்கள். 1959 ஏப்ரலில் வெளிவந்த அந்தக் காருக்கு ஹெரால்டு என்று பெயர்.

ஹெரால்டு! நம்மில் எத்தனையோ பேருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயது குறைந்துவிடும். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961-லிருந்து அது தயாராயிற்று. கிராண்டு சதர்ன் டிரங்கு ரோட்டில் பிறந்த கார். முன் மூடியை முழுசாகத் திறந்தால் எஞ்ஜினும் முன் சக்கரமும் தாம்பாளத்தில் வைத்தது போலத் தெரியும். இருபத்தைந்து அடி அகலம் இருந்தால் வட்டம் அடித்துத் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதிக்கென்றே செய்ததோ என்று தோன்றும். இங்கிலாந்தில் இல்லாத நாலு கதவு ஹெரால்டு கூட இங்கே செய்தார்கள்.

ஆனால் பின்புறம்? காவென்ட்ரியில் அந்தக் காரில் ஏறுகிறவர்கள் ஒரு கணவன், ஒரு மனைவி, இரண்டு குழந்தைகள். நம் ஊரில் ஏறுகிறவர்கள் யார் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? தாத்தா, பாட்டி, கல்யாணத்துக்குப் போகும் சம்பந்தி வீட்டார், மடியில் இரண்டு, டிக்கியில் அரிசி மூட்டை. ஆடும் அச்சில் பாரம் ஏற ஏறப் பின்பாகம் தாழும். தாழத் தாழச் சக்கரங்கள் காலை அகட்டி நிற்கும். டயரின் உள்விளிம்பு தேயும். இறக்கிவிட்டால் மறுபடி நிமிரும். ஒற்றை அச்சில் இந்த வேடிக்கை கிடையாது. ஏழு பேர் ஏறினாலும் ஒருவர் ஏறினாலும் சக்கரம் தரைக்கு நேராக நிற்கும். அம்பாஸடருக்கும் ஃபியட்டுக்கும் பின்னால் அந்த ஒற்றை அச்சும் பட்டை வில்லும்தான். கிராமத்துக் கொல்லன் பட்டறையில் கூட அந்தப் பட்டையை அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஹெரால்டின் பின்புறத்தை நம் நாட்டுச் சொந்தக்காரர்களும் மேஸ்திரிகளும் விரும்பவில்லை. 1972-இல் அதே தொழிற்சாலை கெஸல் என்று ஒரு காரை வெளியிட்டது. எஞ்ஜின் ஹெரால்டினுடையது. பின்னால் ஆடும் அச்சைக் காணோம்; ஒற்றை அச்சு!

இதைப் பின்னடைவு என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. நானும் முதலில் சிரித்தேன். ஆனால் டிரையம்ஃபின் தாய்வீட்டிலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். அவர்களுடைய டி.ஆர். வரிசைப் பந்தயக் காருக்கு 1965-இல் நல்ல தனி வில் போட்டார்கள். அமெரிக்காவில் அதை விற்கும் வியாபாரிகள், "இதற்கு யார் கூடுதல் பணம் கொடுப்பார்கள்? எங்களுக்குப் பழைய அச்சே போதும்" என்று நின்றார்கள். ஆக டி.ஆர். 4 ஏ என்ற ஒரே கார் இரண்டு பின்புறங்களோடு விற்றது. பத்து வருஷம் கழித்து வந்த டி.ஆர். 7-க்கு ஒற்றை அச்சுத்தான்.

இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. ரோவர் கம்பெனியில் ஸ்பென் கிங் என்று ஒரு பொறியாளர். 1963-இல் வந்த ரோவர் 2000 காருக்கு அவரும் அவர் சகாக்களும் அந்த த்ரெபார்துவின் அச்சை, அதாவது தெ தியோன் அச்சைப் போட்டார்கள். ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதை முதன்முதலில் வாங்கியது அதுதான். அப்படிப்பட்டவர் 1970-இல் ரேஞ்ச் ரோவரைச் செய்தபோது முன்னாலும் ஒற்றை அச்சு, பின்னாலும் ஒற்றை அச்சு! ஆனால் பட்டை வில்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, நெடுந்தூரம் ஏறி இறங்கும் சுருள் வில் வைத்தார். உழுத வயலில் போனாலும் உட்கார்ந்திருப்பவர்கள் சௌகரியமாகப் போனார்கள். பிறகு 1976-இல் ரோவர் 2000-க்குப் பதிலாக எஸ்.டி. 1 என்ற புதிய கார் வந்தது. அதற்கும் ஒற்றை அச்சே போட்டார். அச்சு பக்கவாட்டில் நகராதபடி நெம்புகோல்கள் வைத்துப் பிடித்துக் கட்டினார். செலவு குறைந்தது. 1977-இன் சிறந்த கார் என்று அதற்கும் விருது கிடைத்தது. தனி வில்லைப் பற்றித் தெரியாதவர் ஒற்றை அச்சைப் போட்டால் அது வேறு. எல்லாம் தெரிந்தவர் போட்டால் அது வேறு. ஸ்பென் கிங் இரண்டாவது ரகம்.

அந்த எஸ்.டி. 1-இன் வாரிசு ஒன்று 1985-இல் நம் வண்டலூருக்கே வந்து சேர்ந்தது. ஸ்டாண்டர்டு 2000 என்று பெயர். உடம்பு லண்டன் நாகரிகம். உள்ளே எஞ்ஜின் பழைய வான்கார்டு காலத்து வம்சம். பட்டுப் புடைவை கட்டிய பாட்டி. அது நிலைக்கவில்லை. 1980-கள் முடிவதற்குள் அந்தத் தொழிற்சாலையே கார் செய்வதை நிறுத்திவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்களின் கதையை ஒருவர் எழுத வேண்டும். அது அச்சைப் பற்றிய கதையாக இருக்காது.

ஒற்றை அச்சின் கட்சிக்கு உலகத்திலேயே பெரிய கோட்டை அமெரிக்காவின் ஃபோர்டு மஸ்டாங். 1964 ஏப்ரல் 17-ஆம் தேதி வெளிவந்த நாளிலிருந்து பின்னால் ஒற்றை அச்சு. காரணம் முதலில் செலவு. பிறகு அதுவே மதமாகிவிட்டது. கால் மைல் தூரம் நேர்கோட்டில் சீறிப் பாயும் பந்தயம் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. அந்தப் பாய்ச்சலில் முழு சக்தியும் ஒரே கணத்தில் சக்கரத்தில் இறங்கும்போது ஒற்றை அச்சு பாறை மாதிரி தாங்கும். தனி வில்லின் தண்டுகள் முறியலாம், சக்கரம் குதிக்கலாம். 1999-இல் ஃபோர்டு தன் கோப்ரா மஸ்டாங்குக்கு மட்டும் தனி வில் கொடுத்தது. பழைய அச்சு மாட்டியிருந்த அதே துளைகளில் மாட்டும்படி சாமர்த்தியமாகச் செய்திருந்தார்கள். பந்தயக்காரர்கள் அந்தச் சாமர்த்தியத்தை எப்படி உபயோகித்தார்கள் தெரியுமா? கம்பெனி கூடுதல் விலைக்குக் கொடுத்த தனி வில்லைக் கழற்றிவிட்டு, அதே துளைகளில் பழைய ஒற்றை அச்சை மாட்டிக்கொண்டார்கள்! என் மைத்துனன் செய்ய நினைத்ததற்கு நேர் தலைகீழ்.

2005-ஆம் வருஷ மாடலுக்குத் தலைமைப் பொறியாளர் ஹவ் தாய்-டாங். இவர் வியத்நாமியர். சைகோன் நகரில் சிறு பையனாக இருந்தபோது, அமெரிக்கப் படையினரை உற்சாகப்படுத்தக் கொண்டுவந்து காட்டிய ஒரு மஸ்டாங்கைப் பார்த்திருக்கிறார். 1975-இல் சைகோன் விழுந்தபோது ஒன்பது வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனார். முப்பது வருஷத்துக்குள் அந்தக் காருக்கே தலைமை. அவர் கையில் இந்தக் கேள்வி வந்தது: அச்சா, தனி வில்லா? அச்சு என்றே அந்த முறையும் தீர்மானமாயிற்று. சுருள் வில்லும் நல்ல பிடிமானங்களும் வைத்துச் செம்மை செய்தார்கள். கடைசியாக 2015-ஆம் வருஷ மாடலில், ஐம்பதாண்டுப் பூர்த்தியை ஒட்டி, எல்லா மஸ்டாங்குகளுக்கும் தனி வில் வந்தது. அந்தக் காரை உலகம் முழுவதும் விற்க உத்தேசித்தார்கள். வளைந்து வளைந்து போகும் ஐரோப்பிய ரோடுகளில் கால் மைல் வீரம் செல்லாது. 2016-இல் நம் நாட்டுக்கும் அது விற்பனைக்கு வந்தது.

இவ்வளவையும் படித்து முடித்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். நான் த்ரெபார்துவில் ஆரம்பித்தேன். மைத்துனன் பொறுமையாகக் கேட்டான். மேஸ்திரி கெஸல் கதைக்குத் தலையாட்டினார். பழைய காரின் சட்டத்தை வெட்டி, வேறொரு காரின் கூண்டை ஒட்டவைத்தால், ஒட்டிய இடம் தாங்குமா என்பதுதான் எனக்குப் பயம் என்றேன். கம்பெனிக்காரர்கள் எத்தனையோ வருஷம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்ததிலேயே கார்வேர் மாதிரி நேர்ந்திருக்கிறது; நாம் ஒரு மாத விடுமுறையில் செய்து முடிக்க நாம் என்ன பாப் நைட்டா? பட்டை வில்லைக் கழற்றித் துரு நீக்கி, கிரீஸ் போட்டு, ரப்பர் புஷ்களையும் ஷாக் அப்ஸார்பரையும் புதிதாகப் போடலாமே என்று கேட்டேன்.

"அது நான் போன தீபாவளிக்கே சொன்னதுதானே, சார்!" என்றார் மேஸ்திரி.

மைத்துனன் அரை மனசாகச் சம்மதித்தான். "இருந்தாலும் அண்ணா, பின் ஸீட்டு நேராக அச்சுக்கு மேலே இருக்கிறது. என்ன செய்தாலும் தூக்கித்தான் போடும். முன் ஸீட்டில் உட்காருகிறவர்களுக்கு அவ்வளவு தெரியாது. அது இரண்டு அச்சுக்கும் நடுவில் இருக்கிறது, தவிர, முன்னால் ஏற்கனவே தனி வில்" என்றான்.

அடுப்படியிலிருந்து அத்தை தலையை நீட்டினாள். "என்ன சொன்னாய்? முன் ஸீட்டில் தூக்கிப் போடாதா?"

"அவ்வளவாகத் தெரியாது, அம்மா."

"இத்தனை வருஷமாக உங்கள் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லையே!"

மாமா பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் கோயிலுக்குப் போயிருந்தேன். அத்தை முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தாள். பூக்கூடையும் தேங்காய்ப் பையும் என் மடியில் இருந்தன. நான் பின் ஸீட்டில். கோயில் தெருவில் பதினேழு பள்ளம்.